கப்பலில் ஒரு வெள்ளைச் சுவர்

கிரீட் தீவிலிருந்து சான்டோரினி தீவுக்குப் போகும் கப்பலில் ஏறியதும் எல்லோரும் கடல் தெரியும் ஜன்னலாகப் பார்த்து இடம் பிடித்தார்கள். நான் சுவரைத் தேடி அலைந்தேன். ஜன்னல் இல்லாத, படம் எதுவும் மாட்டாத, எஞ்சின் சத்தம் கேட்காத ஒரு வெள்ளைச் சுவர். அது நியூஜெர்சியில் பார்சிப்பனியில் இருக்கும் என் ஆபீஸ் சுவர் மாதிரி இருக்க வேண்டும். ஏனென்றால் ஈரோட்டில் இருந்த என் அப்பாவைப் பொறுத்தவரை நான் அந்த நிமிடம் அங்கேதான் இருந்தேன்.

இந்தப் பொய் எப்படி ஆரம்பித்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போனால் கேவலமாகத் தெரிவேன். சொன்னாலும் அப்படித்தான் தெரிவேன் என்று நினைக்கிறேன்.

நாங்கள் அதே நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறோம். நான், கணவர், ஒரே மகள். ஆறு வருடங்களாக ஊருக்குப் போகவில்லை. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்கும் ஸ்டாம்பிங்குக்கு என்று இந்தியா போய், அங்கேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட நாலு குடும்பங்களை எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே தெரியும். வேலை போய், வீட்டு வாடகை பாக்கி விழுந்து, பிள்ளையின் பள்ளிக்கூடம் பாதியில் நின்று போன கதைகள். அதனால் ஒவ்வொரு வருடமும் அப்பாவிடம் ‘விசா’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். அவரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். அக்கா அடுத்த தெருவில். சாப்பாடு அங்கேயிருந்து வந்துவிடும்.

அப்பா நூற்பாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம், ஒரு நிமிடம் தாமதம் என்றால் அதற்கு ஒரு சிவப்புக் கோடு. முப்பது வருடம் அதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு வேலை நேரம் என்றால் கோயில் மாதிரி. ஹாலில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார். ஒன்று ஈரோட்டு நேரம், இன்னொன்று என் நேரம். வருடத்துக்கு இரண்டு தடவை அமெரிக்காவில் நேரத்தை மாற்றும் அன்று, நான் என் அடுப்படிக் கடிகாரத்தை மாற்ற மறந்தாலும் அவர் ஸ்டூல் போட்டு ஏறி அந்த இரண்டாவது கடிகாரத்தை மாற்றிவிடுவார். தினமும் மாலை சரியாக ஆறரைக்கு, அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் ஏழரைக்கு, கூப்பிடுவார். எனக்குக் காலை ஒன்பது. ஆபீஸில் காபியோடு உட்காரும் நேரம். மூன்று நிமிடம் பேசுவார். “அந்த அட்டையக் காட்டு அம்மிணி” என்பார். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்டுவேன். சிரிப்பார். வைத்துவிடுவார்.

அந்த வருடம் வசந்தத்தில் கிரீன் கார்டு வந்தது. சொன்னவுடன் அப்பா கேட்ட முதல் கேள்வி, “அப்ப இனி எப்ப வேணா வரலாமில்ல அம்மிணி?”

வரலாம். ஆனால் மகள் அந்த வருடம்தான் காலேஜுக்குப் போகிறாள். “அவ போயிட்டா அப்புறம் நம்ம கூட எங்கயும் வர மாட்டா. சம்மர்ல கிரீஸ், டிசம்பர்ல இந்தியா. அப்பா எங்க போயிடப் போறார்?” என்றார் கணவர். அவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் தயாரில்லை. எனக்கும் ஆசை இருந்தது. ஆறு வருடம் எந்த ஊருக்கும் போகாமல், எடிசனுக்கும் பார்சிப்பனிக்கும் நடுவில் கார் ஓட்டியே தேய்ந்து போனவள் நான். நீலக் கடல், வெள்ளை வீடு, கையில் ஒரு தொப்பி என்று எனக்கும் ஒரு படம் வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் அப்பா, “ஆடிப் பதினெட்டுக்கு வந்துரலாமில்ல?” என்று கேட்டார். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்பா கோபப்பட மாட்டார். ஆனால், ‘கிரீஸுக்குப் போக லீவு இருக்குது, இங்க வர இல்லையா?’ என்று யாராவது ஒருவர் அவர் காதில் போடுவார்கள் என்று பயந்தேன். “இல்லப்பா, கோ-லைவ் வருது. ஆகஸ்ட்ல ரெண்டு வாரம் தல தூக்க முடியாது. போன்கூட எடுக்க முடியாது. மெசேஜ் மட்டும் போடறேன்” என்றேன். கோ-லைவ் என்றால் நாங்கள் செய்து முடித்த மென்பொருளை முதல்முதலாக ஓடவிடும் நாள். அந்த நேரத்தில் தப்பு நடந்தால் வேலைக்கே வேட்டு. அப்பாவுக்கு இது தெரியும். ஏற்கெனவே இரண்டு கோ-லைவ் பார்த்தவர்.

“சரி சரி, வேலையப் பாரு” என்றார். குரலில் துளி வருத்தம் இல்லை. அதுதான் இன்றைக்கும் அறுக்கிறது.

பொய் சொல்வதில் நான் அரைகுறை இல்லை. சூட்கேஸில் நீச்சலுடைக்குக் கீழே ஆபீஸ் அட்டையையும் காலர் வைத்த ஒரு சட்டையையும் மடித்து வைத்தேன். மகளிடம், “பத்து நாளைக்கு ஒரு போட்டோகூட எதுலயும் போடக் கூடாது” என்று சத்தியம் வாங்கினேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “யூ’ர் லையிங் டு தாத்தா?” என்றாள். “பொய் இல்லடி, அவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு” என்றேன். இந்தப் பதிலை நாங்கள் எல்லோரும் எங்கள் பெற்றோரிடமிருந்துதான் கற்றோம். யாருக்கு என்ன ஆனாலும், தூரத்தில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது, அவர் மனசு கஷ்டப்படக் கூடாது.

கிரீட்டில் ஆறு நாள். முதல் மூன்று நாள் அப்பாவிடமிருந்து ‘சாப்பிட்டாயா’ என்று மெசேஜ் வந்தது. நாலாம் நாள் வரவில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. நல்லதாகப் போயிற்று, தொந்தரவு செய்யாமல் இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

ஏழாம் நாள் சான்டோரினிக்குக் கிளம்ப வேண்டும். காற்று பலமாக இருந்ததால் இரண்டு மணி நேரத்தில் போகும் வேகப் படகை ரத்து செய்துவிட்டார்கள். மூன்றே முக்காலுக்குக் கிளம்பும் பெரிய கப்பலில் இடம் கொடுத்தார்கள். லாரி, கார், பஸ் எல்லாம் வயிற்றுக்குள் போகிற கப்பல். நாலு மணி நேரப் பயணம். சூட்கேஸ்களைக் கீழே வண்டிகள் நிற்கும் தளத்தில் இரும்பு அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். வைத்துவிட்டு மேல் தளத்துக்கு ஏறினோம். டீசல் நாற்றம், உப்புக் காற்று, பிளாஸ்டிக் நாற்காலிகள். கப்பல் துறைமுகச் சுவரைத் தாண்டியது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முடி பறந்தது. கணவர் போட்டோ எடுத்தார்.

அப்போது போன் அடித்தது. அப்பா. வீடியோ கால்.

மணி நாலு. ஈரோட்டில் ஆறரை. எனக்கு முதலில் வந்தது எரிச்சல். அவ்வளவு தூரம் சொன்னேனே, கூப்பிடாதீர்கள் என்று. என் பின்னால் முழுக்கக் கடல். தலையில் தொப்பி. தோள் தெரியும் கவுன். காற்றோ ஓங்கி ஓங்கி அறைகிறது. போனைத் திருப்பி மடியில் கவிழ்த்தேன்.

“ஜஸ்ட் பிக் அப், ம்மா” என்றாள் மகள்.

“எப்படிடி எடுக்கறது? பின்னாடி பாரு.”

“தாத்தா டஸன்ட் கேர் வேர் யூ ஆர்.”

பதினேழு வயதுப் பெண் சொன்னாள். நான் காலைத் துண்டித்தேன். ‘மீட்டிங்கில் இருக்கிறேன்பா. பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்’ என்று மெசேஜ் போட்டேன். படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. அக்காவின் போனிலிருந்து ஒரு பதில் வந்தது: ‘ஒண்ணுமில்ல, அப்பா சும்மா உன்னப் பாக்கோணும்னாரு. முடிஞ்சதும் கூப்பிடு.’

ஒன்றுமில்லை என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குப் பார்த்து என் மூளையில் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: சட்டை, அட்டை, சுவர்.

சட்டையும் அட்டையும் கீழே சூட்கேஸில். படி இறங்கி ஓடினேன். வண்டித் தளத்தின் கதவைப் பூட்டியிருந்தார்கள். கப்பல் ஓடும்போது அங்கே யாரும் போகக் கூடாதாம். சீருடையில் இருந்த ஆளிடம் கெஞ்சினேன். மருந்து எடுக்க வேண்டும் என்று அவரிடமும் ஒரு பொய் சொன்னேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். அங்கேயே நாலைந்து நிமிடம் போயிற்று.

மேலே வந்து கணவரின் சட்டையை வாங்கி கவுனுக்கு மேல் மாட்டினேன். அவர் பனியனோடு நின்றார். அப்புறம் சுவர் தேடும் படலம். சாப்பாட்டுக் கூடத்தில் எங்கு பார்த்தாலும் ஜன்னல். டிவி இருக்கும் ஹாலில் கிரேக்க மொழியில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைச் சுவர் நீல ஓடு. கடைசியில் கப்பல் சிப்பந்திகள் போகும் ஒரு கதவுப் பக்கம், தீயணைக்கும் குழாய்ப் பெட்டிக்கும் மிதவைச் சட்டைப் பெட்டிக்கும் நடுவில், இரண்டடி அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் கிடைத்தது. இரும்புச் சுவர், பெயின்ட் அடித்தது. “இங்க நில்லு, ஒரு டெஸ்ட் போட்டோ எடுக்கறேன்” என்றார் கணவர். எடுத்தார். பார்த்தோம். சிவப்புப் பெட்டியின் ஓரம் தெரிந்தது. “கொஞ்சம் லெஃப்ட்ல வா” என்றார். வந்தேன். மறுபடி எடுத்தார். ஆபீஸ் மாதிரியே இருந்தது. எங்கள் இருவருக்கும் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. அந்தச் சிரிப்பை நான் மறைக்க விரும்பவில்லை.

கூப்பிட்டேன். சிக்னல் ஒரு கோடு. மணி அடித்தது. எடுத்தார்கள். படம் வந்தது, வந்த மாதிரியே உறைந்து நின்றது. அப்பா முகம் இல்லை. போன் கை மாறும்போது நின்றுபோன படம். ஒரு பச்சைத் திரையும், அதன் மேலே ஒரு கம்பியும், ஒரு டியூப் லைட்டின் பாதியும். அப்பாவின் குரல் மட்டும் ஒரு துண்டு வந்தது. “அம்மி...” அவ்வளவுதான். கோடு போய்விட்டது.

மறுபடி, மறுபடி, மறுபடி. கவுன்டரில் போய்க் கேட்டேன். கப்பலின் வைஃபை இன்று வேலை செய்யவில்லை என்றாள் அங்கிருந்த பெண். கரை எப்போது தெரியும் என்று கேட்டேன். எட்டு மணிக்கு என்றாள்.

“நம்ம ஈரோட்டு வீட்டுல பச்சைத் திரை எங்கயாவது இருக்கா?” என்று கணவரிடம் கேட்டேன்.

“உங்க அக்கா புதுசா மாட்டியிருப்பாங்க.”

“கம்பியில வளையம் போட்டு, கட்டிலச் சுத்தி மாட்டற மாதிரி இருந்துச்சுங்க.”

அவர் தன் போனை எடுத்துச் சிக்னல் பார்த்தார். அந்தச் சுவரை விட்டு வரவும் எனக்கு மனம் வரவில்லை. அங்கேதான் கடைசியாகச் சிக்னல் இருந்தது என்று அதன் அடியிலேயே உட்கார்ந்துகொண்டேன். சிப்பந்திகள் என் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். இரும்பு அதிர்ந்துகொண்டே இருந்தது. அது முதுகு வழியாகப் பல்லில் தெரிந்தது. அப்பாவின் மெசேஜ் எந்த நாளில் நின்றது என்று எண்ணிப் பார்த்தேன். நாலாம் நாள். நான் அன்று ஒரு கடற்கரையில் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி இல்லை, அக்கா வீட்டுப் பக்கம் யாருக்கோ குழந்தை பிறந்து பார்க்கப் போயிருப்பார்கள், அங்கே அந்தத் திரை இருக்கும் என்று ஒரு கதை கட்டினேன். ஒரு மணி நேரம் அதை நம்பினேன். அப்புறம் நம்ப முடியவில்லை. திரும்பிப் போகச் சொல்லிக் கப்பல்காரனிடம் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தி என்ன பயன்? முன்னாலும் கடல், பின்னாலும் கடல்.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கேக் துண்டைப் பேப்பர் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. இறங்கும் வரை அது அங்கேயே இருந்தது.

எட்டு மணிக்கு மேல் தளத்தில் ஒரே ஆரவாரம். செங்குத்தான பாறை, அதன் உச்சியில் வெள்ளை வெள்ளையாக வீடுகள், பின்னால் சிவந்த வானம். எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நானும் தூக்கிப் பிடித்தேன். சிக்னலுக்காக.

வந்தது. எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. அக்காவின் மெசேஜ்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக:

‘லைன் கட்டாயிருச்சு. மீட்டிங் முடிஞ்சுதா?’

‘முடிஞ்சதும் கூப்பிடு புள்ள.’

‘எந்நேரமானாலும் பரவால்ல, கூப்பிடு.’

‘ரெண்டு நிமிசம் வெளிய வந்து பேசிட்டுப் போக முடியாதா?’

அதற்குக் கீழே தவறிய அழைப்புகள். கடைசி அழைப்பு அக்காவிடமிருந்து இல்லை, அக்கா வீட்டுக்காரரிடமிருந்து. அவர் எனக்கு ஒருநாளும் கூப்பிட்டவர் இல்லை. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டேன்.

அப்பாவுக்கு மூன்று நாளுக்கு முன் மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவர் அப்பாதான். “அவளுக்குக் கோ-லைவ். இப்பப் போயிச் சொன்னா வேலயப் பாப்பாளா, அழுவாளா?” அக்காவும் ஒத்துக்கொண்டாள். தூரத்தில் இருப்பவள் மனசு கஷ்டப்படக் கூடாது. நானும் அதையே செய்தேன், அவர்களும் அதையே செய்தார்கள். நடுவில் அவர் போய்விட்டார். ஈரோட்டில் அப்போது இரவு ஒன்பதே கால். நான் அந்தச் சுவரில் சாய்ந்து, பச்சைத் திரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

“நாளான்னைக்குக் காலைல வரைக்கும் ஐஸ் பெட்டியில வெக்கறோம், அதுக்குள்ள வந்துருவயா?” என்று அக்கா கேட்டாள். வந்துவிட்டேன். சான்டோரினியிலிருந்து ஏதென்ஸ், அங்கிருந்து தோஹா, அங்கிருந்து கொச்சி, அப்புறம் டாக்ஸி. கணவரும் மகளும் நியூஜெர்சிக்குத் திரும்பினார்கள். மகள் அமெரிக்காவில் பிறந்தவள், அவளுக்கு இந்தியா போக விசா கைவசம் இல்லை. கொச்சி விமான நிலையக் கழிப்பறையில் நின்று, பெட்டியில் ஒட்டியிருந்த சான்டோரினிச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அப்பா போன பிறகும் அதைச் செய்தேன். செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினேன். கிரீட் கடற்கரை மணல். எவ்வளவு தட்டியும் போகவில்லை.

வீட்டு வாசலில் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். “அமெரிக்காவுல இருந்து எப்படித்தான் இவ்வளவு வெரசா வந்தாளோ” என்று ஒரு அத்தை இன்னொரு அத்தையிடம் சொன்னாள். சித்தி என் கன்னத்தைத் தடவி, “வேல வேலன்னு எப்படிக் கறுத்துப் போயிட்ட கண்ணு” என்று அழுதாள். ஆறு நாள் கடற்கரை வெயில் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறேன் என்று நினைத்தார்கள். ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா. மேலே இரண்டு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தன. என் கடிகாரத்தில் காலை மணி பதினொன்றேகால். நிமிடம் பிசகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த அன்று மாலை நானும் அக்காவும் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். மருந்துப் பட்டைகளைப் பிரித்துப் பிரித்து ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“அக்கா, அன்னிக்கு அவரு கூப்பிட்டப்ப...”

“தெரியும் புள்ள. மனசுல வெச்சுக்காத. நாந்தான் கோபத்துல என்னென்னமோ மெசேஜ் போட்டுட்டேன்” என்றாள் அக்கா. “அப்பா ஒரு வார்த்த குறை சொல்லல. நீ கூப்பிட்டு லைன் கட்டானதுக்கு அப்புறமும் போனைக் கீழ வெக்கவே உடல. நர்ஸு வந்து எடுக்கப் போனப்ப, ‘எம் பொண்ணு பெரிய மீட்டிங்ல இருக்கறா, முடிஞ்சதும் கூப்புடுவா, பத்து நிமிசம்னு சொல்லியிருக்கறா’ன்னாரு. பேசுனது அதுதான் கடைசி. அப்புறம் சுவத்துக் கடியாரத்தையே பாத்துட்டுப் படுத்திருந்தாரு.”

நான் மருந்துப் பட்டை ஒன்றைக் கையில் எடுத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை.

அக்கா பையைக் கட்டினாள். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவளாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அந்த மீட்டிங் நல்லபடியா முடிஞ்சுதா புள்ள?”

“முடிஞ்சுதுக்கா” என்றேன்.